நொதிக்கு எட்டும் சோறு

ஒரு பிடி பச்சரிசியை அப்படியே மென்று விழுங்கினாலும், அதே பிடி அரிசியைச் சோறாக்கி உண்டாலும் வயிற்றுக்குள் போகும் மாவுச்சத்தின் அளவு ஒன்றுதான். இரத்தத்தில் ஏறும் சர்க்கரைதான் ஒன்றல்ல. சுடுசோற்றின் மாவுச்சத்து வாயிலேயே உடையத் தொடங்கிச் சிறுகுடலின் முற்பகுதியைக் கடப்பதற்குள் பெருமளவு குளுக்கோஸாகிவிடுகிறது. வேகாத அரிசி மெதுவாக, அதுவும் அரைகுறையாகத்தான் செரிக்கிறது. நேற்று வடித்து இரவெல்லாம் ஆறிக் கிடந்த சோறு மூன்றாவது விதமாக நடந்துகொள்கிறது. உணவுப் பொட்டலத்தில் 'கார்போஹைட்ரேட் இத்தனை கிராம்' என்று அச்சிடும் வரிக்குள் இந்த வேறுபாடு எதுவும் அடங்காது. எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்பதை அந்த வரி சொல்கிறது. அதில் எவ்வளவு நொதிக்கு எட்டும் என்பதை அது சொல்வதில்லை.

மாவுச்சத்து முழுக்க முழுக்க குளுக்கோஸால் ஆனது. செடி தன் தேவைக்கென்று சேமிக்கும் சர்க்கரையை நீரில் கரையாத நீண்ட சங்கிலிகளாகக் கோத்து வைக்கிறது. அவற்றில் இரண்டு வகை உண்டு. அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாத ஒற்றைச் சங்கிலி. அமைலோபெக்டின் ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது குளுக்கோஸுக்கு ஒரு கிளை விடும் பெருமூலக்கூறு. பொதுவாக மாவுச்சத்தில் 20 முதல் 30 விழுக்காடு அமைலோஸ், மிச்சம் அமைலோபெக்டின். சங்கிலியின் நெடுக ஒரு குளுக்கோஸின் முதல் கரிம அணு அடுத்த குளுக்கோஸின் நான்காவது கரிம அணுவோடு ஓர் ஆக்சிஜன் வழியாகப் பிணைகிறது. வேதியியலார் இதை ஆல்ஃபா 1,4 பிணைப்பு என்பார்கள். கிளை பிரியும் இடத்தில் மட்டும் ஆல்ஃபா 1,6 பிணைப்பு. இந்த 'ஆல்ஃபா' திசையால்தான் சங்கிலி நேராக நீளாமல் ஆறு குளுக்கோஸுக்கு ஒரு சுற்று என்று திருகிச் செல்கிறது.

செடி இந்தச் சங்கிலிகளைச் சும்மா விடுவதில்லை. நுண்ணிய மணிகளாகக் கெட்டிப்படுத்துகிறது. அரிசியின் மாவுமணி சில மைக்ரோமீட்டர் அளவே இருக்கும். உருளைக்கிழங்கில் அது நூறு மைக்ரோமீட்டர் வரை வளரும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெங்காயம் போல அடுக்கு மேல் அடுக்கு. ஓர் அடுக்கில் சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு படிகமாக இறுகியிருக்கும். அடுத்த அடுக்கில் தளர்ந்திருக்கும். அந்தப் படிகத்துக்குள் நொதி புக இடமில்லை.

அடுப்பு செய்யும் வேலை அந்த இடத்தை உண்டாக்குவதுதான். தண்ணீர் ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டும்போது மணிக்குள் நீர் புகுந்து அது உப்புகிறது, முறுக்குகள் அவிழ்கின்றன, அமைலோஸ் வெளியே கசிகிறது. உலை நீர் கொழகொழப்பதும், வடிகஞ்சி ஆறியபின் மேலே ஆடை படர்வதும் இந்தக் கசிவால்தான். எந்த வெப்பநிலையில் இது தொடங்கும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். அதனால்தான் ஒரே அடுப்பில் ஓர் அரிசி சீக்கிரம் வேகிறது, இன்னொன்று அடம்பிடிக்கிறது.

அவிழ்ந்த இந்தச் சங்கிலியை அறுக்கும் பொருளைத்தான் மனிதர்கள் முதன்முதலில் ஒரு நொதியாகப் பிரித்தெடுத்தார்கள். 1811-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்ச்சாஃப் என்ற வேதியியலாளர் மாவுச்சத்தைக் கந்தக அமிலத்தோடு கொதிக்கவைத்துச் சர்க்கரையாக்கிக் காட்டினார். அதே வேலையை முளைத்த தானியம் கொதிப்பும் அமிலமும் இல்லாமலே செய்கிறது என்பது அவரது அடுத்த ஆய்வுகளில் தெரிந்தது. 1833-இல் பாரிஸில் ஆன்செல்ம் பாயென், ஜான் ஃப்ரான்ஸ்வா பெர்சோ என்ற இருவர் முளைத்த பார்லியை ஊறவைத்த நீரில் சாராயத்தை ஊற்ற, ஒரு வெண்மையான வீழ்படிவு கிடைத்தது. உலர்த்தி எடுத்த அந்தப் பொடியில் சிறிதளவு போதும், பெருமளவு மாவுச்சத்து கரைந்து சர்க்கரையானது. பொடியைக் கரைத்துக் கொதிக்கவிட்டால் அதன் ஆற்றல் போய்விட்டது. உயிருள்ள விதைக்குள் நடக்கும் வேலையை விதையே இல்லாமல் ஒரு கண்ணாடிக் குவளையில் நடத்த முடியும் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. அவர்கள் அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். அது ஒரே பொருளல்ல, பல நொதிகளின் கலவை என்பது பின்னால்தான் தெரிந்தது.

அந்தக் கலவையில் முதன்மையானது ஆல்ஃபா அமைலேஸ். மனிதரின் உமிழ்நீரிலும் கணையநீரிலும் இருப்பது அதுவே.

உமிழ்நீர் அமைலேஸ் 496 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைப் புரதச் சங்கிலி. நாராயணன் ராமசுப்பு முதன்மை ஆசிரியராக இருந்த குழு 1996-இல் இதன் முப்பரிமாண அமைப்பை 1.6 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டது. கணைய அமைலேஸின் அமைப்பு அதற்குச் சற்று முன்பே வந்திருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அச்சு. நடுவில் எட்டு இழைகள் வட்டமாக நின்று ஒரு பீப்பாய் ஆகின்றன. அவற்றைச் சுற்றி எட்டுச் சுருள்கள். இது முதல் பகுதி. பீப்பாயின் ஓரத்திலிருந்து ஒரு நீண்ட மடிப்பு வெளியே வளர்ந்து இரண்டாம் பகுதியாகிறது. மூன்றாம் பகுதி பின்பக்கம் தனியாக நிற்கிறது. முதல் இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு நீண்ட பள்ளம் ஓடுகிறது. மாவுச்சத்துச் சங்கிலி வந்து படுக்கும் இடம் அதுதான்.

அந்தப் பள்ளத்தில் ஐந்து குளுக்கோஸ் அடுத்தடுத்து அமர இடமுண்டு. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் வெட்டு விழுகிறது. வெட்டும் இடத்தைச் சுற்றி மூன்று அமினோ அமிலங்கள் நிற்கின்றன: 197-ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம், 233-ஆம் இடத்துக் குளுட்டாமிக் அமிலம், 300-ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம். புரதச் சங்கிலியில் இவை ஒன்றுக்கொன்று வெகு தொலைவு. சங்கிலி மடிந்து உருப்பெற்ற பிறகுதான் மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. கொதிநீரில் நொதி ஏன் செத்துவிடுகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது: கொதிப்பில் அமினோ அமிலங்கள் எங்கும் போய்விடுவதில்லை, மடிப்பு குலைகிறது, கூட்டம் கலைகிறது.

வேலை இரண்டே கட்டம். பள்ளத்தில் அமர்ந்த குளுக்கோஸ் வளையத்தை நொதி சற்றே நெளித்துப் பிடிக்கிறது. இதில் 300-ஆம் இடத்து அமிலத்துக்குப் பங்குண்டு. 233-ஆம் அமிலம் பிணைப்பிலுள்ள ஆக்சிஜனுக்கு ஒரு புரோட்டானைக் கொடுக்க, 197-ஆம் அமிலம் கரிம அணுவைப் பற்றிக்கொள்கிறது. சங்கிலி அறுகிறது. ஒரு பாதி விடுபட்டுப் போக, மறுபாதி நொதியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்து ஒரு நீர் மூலக்கூறு உள்ளே வருகிறது. அதே 233-ஆம் அமிலம், தான் கொடுத்த புரோட்டானுக்கு ஈடாக அந்த நீரிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒட்டி நின்ற பாதியை விடுவிக்கிறது. நொதி பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த வெட்டுக்குத் தயாராகிறது. சர்க்கரைகளை இணைக்கும் இத்தகைய பிணைப்பு வெறும் நீரில் தானாக அறுபட வேண்டுமானால் பல லட்சம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நொதியின் பள்ளத்தில் அது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிகிறது.

துணைக்கு இரண்டு அயனிகள் வேண்டும். கால்சியம் அயனி ஒன்று முதல் இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பிடித்துப் பள்ளத்தின் உருவத்தைக் காக்கிறது. குளோரைடு அயனி ஒன்று வெட்டும் இடத்துக்கு அருகே உட்கார்ந்து வேகத்தைக் கூட்டுகிறது. அது இல்லாவிட்டால் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். சாப்பாட்டு உப்பிலும் உமிழ்நீரிலும் இருக்கும் அதே குளோரைடுதான்.

இவ்வளவு நுணுக்கமாக அமைந்த பள்ளத்துக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. திருகிச் செல்லும் ஆல்ஃபா சங்கிலி மட்டுமே அதில் பொருந்தும். பஞ்சின் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான்; ஆனால் அதன் பிணைப்பு பீட்டா திசையில் இருப்பதால் சங்கிலி நேராக விறைத்து நிற்கிறது, பள்ளத்தில் படுப்பதில்லை. மனிதர்களுக்குச் சோறு உணவாவதும் பருத்தி உணவாகாததும் இந்த ஒரு பிணைப்பின் திசையால் வந்த வேறுபாடு.

ஈரோடு, கரூர் வட்டாரத்து நெசவுத் தொழில் இந்த வேறுபாட்டை நாள்தோறும் பயன்படுத்துகிறது. தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். இல்லாவிட்டால் இழுவையிலும் உராய்விலும் நூல் அறுந்துவிடும். நெய்து முடித்தபின் அந்தக் கஞ்சி சாயத்துக்கு எதிரி. அது இருக்கும் இடத்தில் சாயம் பிடிக்காது, துணி திட்டுத்திட்டாகிவிடும். அமிலத்தில் ஊறவைத்தும் கஞ்சியை நீக்கலாம். ஆனால் அமிலத்துக்குக் கஞ்சியும் பருத்தியும் ஒன்றுதான். கொஞ்சம் அசந்தால் துணியின் வலு போய்விடும். அமைலேஸ் கஞ்சியை அறுத்துக் கரைத்துவிட்டுப் பருத்தியைத் தொடாமல் விடுகிறது. இதற்குப் பயன்படுவது பெரும்பாலும் பாசில்லஸ் வகைப் பாக்டீரியாக்களின் அமைலேஸ். அவற்றில் சில 90 டிகிரிக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். மரவள்ளி, மக்காச்சோள மாவிலிருந்து குளுக்கோஸ் பாகு காய்ச்சும் ஆலைகளுக்கும் இந்த வெப்பம் தாங்கும் நொதிகளே ஆதாரம். 1894-இல் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே கோதுமைத் தவிட்டில் கோஜிப் பூஞ்சையை வளர்த்து அமைலேஸ் எடுக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். நுண்ணுயிர் நொதிகளின் வணிகம் அங்கிருந்து தொடங்கியது என்று சொல்வதில் தவறில்லை.

உமிழ்நீர் அமைலேஸ் வேலை செய்வதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. நீர்த்த வடிகஞ்சி இரண்டு சிறு கண்ணாடிக் குவளைகளில், ஒவ்வொன்றிலும் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து ஒரு துளி. இரண்டும் கருநீலமாகும். அயோடின் அமைலோஸின் திருகுக்குள் புகுந்து வரிசையாக நிற்பதால் வரும் நிறம் அது. ஒரு குவளையில் மட்டும் கொஞ்சம் உமிழ்நீரைச் சேர்த்துக் கலக்கி இளஞ்சூட்டில் வைத்தால் நீலம் ஊதாவாகும், ஊதா செம்பழுப்பாகும், பின் வெளிறும். திருகு துண்டுதுண்டாகிறது என்பதையே ஒவ்வொரு நிறமும் சொல்கிறது. நீண்ட துண்டுக்கு ஊதா, சிறு துண்டுக்குச் சிவப்பு, மிகச் சிறிய துண்டுக்கு நிறமே இல்லை. உமிழ்நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் நீலம் அப்படியே நிற்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக ஒரு நொதியைக் காட்ட வேறு வழியில்லை.

உடலுக்குள் இந்த வேலை பல கை மாறுகிறது. வாயில் சோறு தங்குவது சில நொடிகள். விழுங்கிய கவளத்தின் நடுவில் மாட்டிய அமைலேஸ் இரைப்பை அமிலம் ஊடுருவும்வரை தொடர்ந்து அறுக்கும். அமிலம் வந்ததும் ஓய்ந்துவிடும். முன்சிறுகுடலில் கணையநீர் கலந்து அமிலம் தணிந்ததும் கணைய அமைலேஸ் மிச்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஆல்ஃபா அமைலேஸ் கடைசிவரை போவதில்லை. அது சங்கிலியின் நடுவில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே வெட்டும் நொதி. அது விட்டுச்செல்பவை இரண்டு குளுக்கோஸ் கொண்ட மால்டோஸ், மூன்று கொண்ட மால்டோட்ரையோஸ், பிறகு கிளைப் பிணைப்பைச் சுமந்த சிறு துண்டுகள். கிளைப் பகுதி அந்தப் பள்ளத்தில் பொருந்தாது என்பதால் அவை அப்படியே மிஞ்சுகின்றன.

மிச்சத்தைச் சிறுகுடலின் சுவரே முடிக்கிறது. அங்குள்ள செல்களின் பரப்பில் சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ், மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸ் என்ற இரண்டு இரட்டை நொதிகள் நட்டுவைத்ததுபோல் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் வெட்டும் இடங்கள் இரண்டு. கிளைப் பிணைப்பை அறுப்பது ஐசோமால்டேஸ் பாதி. அதே புரதத்தின் மறுபாதி சர்க்கரையை, அதாவது நாம் காபியில் போடும் சீனியை, உடைக்கிறது. இவை துண்டுகளின் நுனியிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றுகின்றன. கழன்ற குளுக்கோஸ் அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். பிறவியிலேயே சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் இல்லாதவர்கள் உண்டு. கிரீன்லாந்தின் இனுயிட் மக்களிடம் இது மற்ற இடங்களைவிட அதிகம். தலைமுறை தலைமுறையாக மீனும் கடற்பிராணிகளும் தின்று வாழ்ந்தவர்களை இந்தக் குறை பெரிதாக வருத்தியிருக்காது. இனிப்பும் ரொட்டியும் வந்தபின்தான் அது வயிற்றுப்போக்காகவும் உப்புசமாகவும் வெளிப்பட்டது.

செடிகளிடம் வேறு சில வெட்டிகள் உண்டு. பீட்டா அமைலேஸ் சங்கிலியின் ஒரு நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாக, மால்டோஸாக, நறுக்கிக்கொண்டே போய்க் கிளை வந்ததும் நின்றுவிடும். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இது நிறைய. கிழங்கை மெதுவாகச் சுட்டால், மணிகள் அவிழ்ந்த பிறகும் நொதி சாவதற்கு முன்பும் உள்ள இடைவெளியில் அது மால்டோஸைக் குவித்துவிடுகிறது. தணலில் சுட்ட கிழங்கு அவசரமாக வேகவைத்த கிழங்கைவிட இனிப்பதன் காரணம் இந்த இடைவெளிதான். வாழைக்காய் பழுக்கும்போதும் ஆல்ஃபா, பீட்டா இரண்டும் சேர்ந்தே மாவைச் சர்க்கரையாக்குகின்றன.

இப்போது ஆறிய சோற்றுக்கு வரலாம். வெந்து அவிழ்ந்த சங்கிலிகள் சூடு தணியத் தணிய மறுபடி ஒன்றையொன்று தேடி முறுக்கிக்கொள்கின்றன. அமைலோஸ் விரைவாக, அமைலோபெக்டின் நாள்கணக்கில். முறுக்கிக்கொண்ட அமைலோஸ் சாதாரணமாகச் சூடாக்கினால் பிரியாது. அதற்கு நூறு டிகிரிக்கு மிக மேலே போக வேண்டும். நொதியின் பள்ளத்துக்கு அது எட்டாது. எட்டாமல் தப்பியது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. ரூமினோகாக்கஸ் புரோமியை என்ற பாக்டீரியா இதில் முன்னோடி. பல அமைலேஸ்களை ஒரே கூட்டமாகச் சேர்த்துத் தன் மேற்பரப்பில் வைத்துக்கொண்டு, மற்றவை தொட முடியாத மாவுமணிகளை அது திறக்கிறது. திறந்ததை மற்றவையும் உண்கின்றன. அந்தச் சமூகத்தின் உழைப்பில் உண்டாகும் பியூட்டிரேட் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருள்.

பழைய சோற்றைப் பற்றித் தமிழில் இன்று நிறையப் பேசப்படுகிறது. பேச்சில் பாதி உண்மை, பாதி ஆர்வக் கோளாறு. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், அப்போது வடித்த வெள்ளைச் சோற்றில் செரிக்காத மாவுச்சத்து 100 கிராமுக்கு 0.64 கிராம், பத்து மணி நேரம் ஆறவிட்டதில் 1.30 கிராம், ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்துச் சுடவைத்ததில் 1.65 கிராம். இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு என்பது உண்மைதான். ஆனால் அந்த 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து மட்டும் 25 கிராமுக்கு மேல். அதில் மிகப் பெரும்பகுதி ஆறினாலும் செரித்துவிடும். பழைய சோறு நல்ல உணவு. புளிப்பில் பெருகும் நுண்ணுயிர்களும் அதில் உண்டு. சர்க்கரை நோயாளி அதை அளவில்லாமல் உண்ணலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அளவில் பெரிய வேறுபாடு அரிசி ரகத்தில் இருக்கிறது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையமும் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனமும் 235 ரகங்களை ஆராய்ந்தபோது இரத்தச் சர்க்கரைக் குறியீட்டெண் 48 முதல் 92 வரை பரந்து கிடந்தது. இந்தியாவில் பரவலாக விளையும் சுவர்ணா குறைந்த பக்கம் வந்தது. வேறுபாட்டின் பெரும்பகுதியை முடிவுசெய்வது ஒரே ஒரு மரபணு: அமைலோஸ் எவ்வளவு உண்டாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணு. நம் ஊர்க் கடைகளில் அரிசி மூட்டையின் மேல் ரகத்தின் பெயரும் விலையும் இருக்கின்றன. அமைலோஸ் விழுக்காடு இருப்பதில்லை. நீரிழிவு இவ்வளவு பெருகிவிட்ட நாட்டில் அதை அச்சிடச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை.

நொதியின் பக்கமும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. உமிழ்நீர் அமைலேஸுக்கான மரபணு மனிதரின் முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. ஒருவரிடம் அதன் படிகள் இரண்டு இருக்கலாம், பதினைந்தும் இருக்கலாம். சிம்பன்சிக்கு இரண்டே. 2007-இல் ஜார்ஜ் பெர்ரியும் நத்தானியல் டோமினியும் உடன் பணியாற்றியவர்களும், மாவுச்சத்து மிகுதியாக உண்ணும் மக்களிடம் சராசரியாக 6.7 படிகளும் குறைவாக உண்பவர்களிடம் 5.4 படிகளும் இருப்பதைக் காட்டினார்கள். இந்த மரபணு உமிழ்நீர்ச் சுரப்பியில் விழித்துக்கொள்வதற்குக் காரணம், முன்னொரு காலத்தில் நம் மூதாதையரின் மரபணுத் தொகுதியில் புகுந்து தங்கிவிட்ட ஒரு ரெட்ரோ வைரஸின் துண்டு. முதல் பெருக்கம் எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே, வேளாண்மைக்கு வெகு முன்பே, நடந்திருக்கக்கூடும் என்று 2024-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. உழவு பரவிய கடைசிச் சில ஆயிரம் ஆண்டுகளில் ஐரோப்பிய உழவர்களிடம் படிகள் மேலும் கூடின. மனிதரோடு ஒட்டிக்கொண்ட நாயிடமும் இதே கதைதான். ஓநாயிடம் கணைய அமைலேஸ் மரபணுவின் படிகள் இரண்டு. நாயிடம் நான்கிலிருந்து முப்பது வரை. படிகள் குறைந்தால் உடல் பருக்கும் என்று 2014-இல் ஒரு குழு சொன்னது. அடுத்த ஆண்டே இன்னும் நுட்பமாக எண்ணிப் பார்த்த வேறொரு குழுவுக்கு அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. அதை வைத்து மரபணுச் சோதனை விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

நொதியின் வெட்டும் இடத்தை அடைக்கவும் வழி உண்டு. அக்கார்போஸ் ஒரு மண் பாக்டீரியா உண்டாக்கும் பொருள். பார்ப்பதற்கு நான்கு சர்க்கரை கோத்த சிறு சங்கிலி. ஆனால் வெட்டு விழ வேண்டிய இடத்தில் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன். நொதி அதை இறுகப் பற்றிக்கொள்கிறது, அறுக்க முடியாமல் நிற்கிறது. இந்தியாவில் மருத்துவர்கள் எழுதும் அக்கார்போஸ், வோக்ளிபோஸ் மாத்திரைகள் குடல் சுவரின் நொதிகளை இப்படித்தான் தடுக்கின்றன. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளிப்பதால் வயிற்றில் காற்று சேரும். பலர் மாத்திரையை நிறுத்துவதற்கு அதுவே காரணம். இன்னொன்றை இம்மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இன்சுலினோடு சேர்த்து எடுக்கும்போது சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வந்தால் சீனியோ மிட்டாயோ உடனே கைகொடுக்காது. சீனியை உடைக்கும் நொதியையும் மாத்திரை அடைத்திருக்கும். குளுக்கோஸ் பொடியையே கொடுக்க வேண்டும்.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பீன்ஸ் விதையிலிருந்து எடுத்த அமைலேஸ் தடுப்பான் 'சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது' என்ற விளம்பரத்தோடு மாத்திரையாக விற்றது. சோதனைக் குழாயில் அது நன்றாகத் தடுத்தது. 1982-இல் ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மாவுச்சத்து வழக்கம்போலவே செரித்துவிட்டது. கணையம் தேவைக்கு மேல் பல மடங்கு அமைலேஸ் சுரக்கிறது. சிறிதளவு தடுப்பான் அதன் முன் எம்மாத்திரம்.

ஆனால் அந்தக் கணையம் பிறந்த குழந்தையிடம் இன்னும் விழித்திருக்காது. முதல் சில மாதங்களில் குழந்தையின் கணையத்திலிருந்து அமைலேஸ் மிகச் சொற்பமாகவே வருகிறது. தாய்ப்பாலில் அமைலேஸ் உண்டு. குடல் சுவரின் நொதிகளும் பிறக்கும்போதே ஆயத்தமாக இருக்கின்றன. ஆறு மாதம் முடிந்து கஞ்சி தொடங்கும்போது வேறொரு சிக்கல். மாவை வேகவைத்தால் மணிகள் உப்பிக் கஞ்சி இறுகும். ஊட்டக்கூடிய பதத்துக்கு நீரை ஊற்றினால் மாவு பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். குழந்தையின் சின்ன வயிறு நீரால் நிரம்பும். தேவையான ஆற்றல் கிடைக்காது.

இதற்கு விடை முளைத்த தானியத்தில் இருக்கிறது. விதை நீர் குடித்ததும் கரு ஜிப்ரலின் என்ற ஹார்மோனை அனுப்ப, தோலுக்கு அடியிலுள்ள செல்லடுக்கு ஆல்ஃபா அமைலேஸைச் சுரக்கத் தொடங்குகிறது. முளைக்கு ஊட்ட மாவைக் கரைப்பதே அதன் நோக்கம். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1980-களில் பல தானியங்களை முளைக்கவைத்து ஒப்பிட்டபோது கேழ்வரகு இதற்கு மிகப் பொருத்தமானதாகத் தெரிந்தது. சோளத்தைவிட அது பாதுகாப்பானதும்கூட; சோள முளையில் சயனைடு தரும் பொருள் உண்டாகும். பரோடாவில் தாரா கோபால்தாஸ் குழுவினர் அதே காலத்தில் முளைதானிய மாவைக் கஞ்சிக்குச் சேர்க்கும் எளிய முறையை உருவாக்கினார்கள். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் இணை உணவு மாவிலும் முளைகட்டிய கேழ்வரகு ஒரு சேர்மானமாக இருந்துவருகிறது.

வீட்டில் செய்து பார்த்தால் கண்முன்னே தெரியும். கரண்டி நட்டு நிற்கும் அளவுக்குக் கெட்டியான கஞ்சியை இறக்கி, கொதி அடங்கியபின் முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு தேக்கரண்டி தூவிக் கிளறினால் சில நிமிடங்களில் அது இளகி ஒழுகும். ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கவில்லை; நீண்ட சங்கிலிகள் குட்டையாகிவிட்டன, அவ்வளவுதான். மாவின் அளவு அப்படியே இருக்கிறது. அதன்பின் கஞ்சியை மறுபடி ஒரு கொதி விட வேண்டும், ஏனென்றால் முளைக்கும் ஈரத்தில் கிருமிகளும் வளர்ந்திருக்கும்.

இங்கே பல வீடுகளில் ஒரு வழக்கம் இந்தப் பயனைக் கெடுத்துவிடுகிறது. முளைகட்டிய கேழ்வரகை மணம் வரும்வரை சிவக்க வறுத்துவிட்டு அரைக்கிறார்கள். சிவக்க வறுத்த தானியத்தில் சத்து இருக்கும், மணமும் இருக்கும், நொதி இருக்காது. கொதிக்கும் கஞ்சியில் தூவினாலும் அதே கதிதான். குழந்தைக்காக முளைகட்டும் பெற்றோர் வெயிலிலோ மிதமான சூட்டிலோ உலர்த்தி, முளையைத் தேய்த்து நீக்கி அரைக்கட்டும். அந்த மாவு ஈரம்படாமல் ஒரு சிறு டப்பாவில் இருந்தால் போதும். ஒரு வேளைக் கஞ்சிக்கு ஒரு தேக்கரண்டிதான் செலவு.